தடுப்பூசி ஏற்றிய பின்னரும் கொவிட் தொற்றியது ஏன்?





கொவிட்-19 பெருந்தொற்று நம்மை வீடுகளுக்குள் அடைத்து வைத்திருந்த காலம் இன்று ஏதோ பழங்கதை போலத் தோன்றுகின்றது. 2020 ஜனவரி மாத இறுதியில் நம் நாட்டில் முதல் நோயாளி இனங்காணப்பட்டார். 2023 மே 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்ததாக அறிவித்தது. இவ்விரு திகதிகளுக்குமிடையே இலங்கையில் மட்டும் 16,000இற்கும் மேற்பட்ட உயிர்கள் இந்நோயினால் பிரிந்தன.

நோய் தணிந்துவிட்டது. ஆனால் அது விட்டுச் சென்ற ஒரு கேள்வி இன்னும் தணியவில்லை. "இரண்டு ஊசியும் ஏற்றினோம். மூன்றாவதும் ஏற்றினோம். அதன் பின்பும் நோய் வந்ததே! அப்படியானால் அந்த ஊசியால் கண்ட பயன் என்ன?" இக்கேள்வியைத் திருமண வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் பள்ளி முற்றங்களிலும் நாம் அடிக்கடி செவிமடுக்கின்றோம்.

கேள்வி கேட்பது தவறன்று. தன் உடலினுள் செலுத்தப்படும் ஒரு பொருளைப் பற்றி விசாரித்தறிவது மனிதனின் உரிமையாகும். ஆனால் இக்கேள்விக்கு விடை தேடாமலேயே சிலர் அடுத்த படிக்குத் தாவிவிடுகின்றனர். "கொவிட் ஊசி நோயைத் தடுக்கவில்லை, ஆகவே ஊசிகளே பயனற்றவை, ஆகவே பிள்ளைக்குரிய சின்னமுத்து ஊசியையும் தவிர்த்துக்கொள்ளலாம்" என்பதே அவர்களது முடிவாகும். இம்முடிவின் விலையைக் கொடுக்கப்போவது அதனைக் கூறுபவரல்லர். தொட்டிலில் கிடக்கும் குழந்தையே. எனவேதான் இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய வேண்டியுள்ளது.

95 வீதம் என்றால் என்ன?

முதலில் ஓர் எண்ணைப் பற்றித் தெளிவு பெறுவோம். பைசர் நிறுவனத்தின் தடுப்பூசி "95 வீதம் வினைத்திறன் உடையது" என 2020ஆம் ஆண்டின் இறுதியில் செய்தி வெளியானது. இதனைக் கேட்ட பலர், "ஊசி ஏற்றிய நூறு பேரில் ஐவருக்கு நோய் வரும், ஏனைய தொண்ணூற்றைந்து பேருக்கு ஒருபோதும் வராது" என விளங்கிக்கொண்டனர். இது பிழையான விளக்கமாகும்.

அந்த ஆய்வில் 43,000இற்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு உண்மையான தடுப்பூசியும் மறு அரைவாசிப் பேருக்கு மருந்தற்ற வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. எவருக்கு எது ஏற்றப்பட்டது என்பது பங்குபற்றியோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. பின்னர் இரு பிரிவினரும் தத்தமது வாழ்க்கையில் ஈடுபட்டனர். இரண்டாவது ஊசியின் பின் ஏழு நாட்கள் கழிந்ததிலிருந்து நோய் அறிகுறிகளுடன் தொற்று உறுதியானோர் எண்ணப்பட்டனர். உப்புநீர் பெற்ற பிரிவில் 162 பேர். தடுப்பூசி பெற்ற பிரிவில் 8 பேர். 162 பேருக்கு வரவேண்டிய இடத்தில் 8 பேருக்கே வந்தது. அதாவது நோய் ஏற்படும் வாய்ப்பு 95 வீதத்தால் குறைக்கப்பட்டது. அந்த எண்ணின் பொருள் இதுவேயாகும்.

இதிலிருந்து மூன்று விடயங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, ஊசி ஏற்றியோரிலும் எட்டுப் பேருக்கு நோய் வந்தது என்பது முதல் நாளிலிருந்தே எழுதிவைக்கப்பட்ட உண்மை. எவரும் அதனை மறைக்கவில்லை. இரண்டாவது, அவ்வாய்வு அளந்தது அறிகுறிகளுடன் கூடிய நோயையே. அறிகுறியின்றி மூக்கினுள் கிருமி வந்து போவதை அது அளக்கவில்லை. மூன்றாவது, அப்போது கணக்கெடுக்கப்பட்ட காலம் ஒரு சில மாதங்களே. அக்காலத்தில் டெல்டா திரிபும் பரவவில்லை. ஒமிக்ரோன் திரிபு தோன்றவேயில்லை.

தடுப்பூசி தயாரிப்பாளர்களுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் தொடக்கத்தில் விதித்த குறைந்தபட்ச எல்லை 50 வீத வினைத்திறனே என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 95 என்பது நிபுணர்களே எதிர்பாராத உயரமாக இருந்தது. அவ்வுயரம் காலப்போக்கில் தாழ்ந்தபோது மக்கள் ஏமாற்றப்பட்டதாக எண்ணினர்.

மக்கள் அவ்வாறு எண்ணியதற்கு அதிகாரிகளும் ஓரளவு பொறுப்பாளிகளே. 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெளிநாடுகளில் உயர் பதவி வகித்த சிலர், ஊசி ஏற்றியோர் கிருமியைக் காவிச் செல்லமாட்டார்கள் என்ற பொருள்படப் பேசினர். ஆய்வுகள் கூறியதைவிட அதிகமாகக் கூறப்பட்ட வார்த்தை அது. அளவு கடந்து கொடுக்கப்படும் வாக்குறுதி பின்னர் உண்மையின் மீதும் ஐயத்தை ஏற்படுத்திவிடுகின்றது.

வாசலும் வீட்டின் உள்ளறையும்

தடுப்பூசி உடலினுள் என்ன செய்கின்றது என்பதை அறிந்துகொண்டால், நோய் தொற்றியதன் காரணமும் விளங்கிவிடும்.

கொவிட் கிருமி மூக்கினூடாகவும் தொண்டையினூடாகவும் உட்புகுகின்றது. அவ்விடத்திலேயே அது முதலிற் பெருகுகின்றது. பின்னர் கீழிறங்கி நுரையீரலைத் தாக்கும்போதே மூச்சுத்திணறலும் ஒட்சிசன் குறைவும் உயிராபத்தும் ஏற்படுகின்றன. நாம் ஏற்றிக்கொள்ளும் ஊசியோ புயத்தின் தசையிற் செலுத்தப்படுகின்றது. அது இரத்தத்தில் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றது. அவை நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளை நன்கு காக்கின்றன. ஆனால் மூக்கின் ஈரச் சவ்வில் அவை போதிய அளவில் தங்கியிருப்பதில்லை.

வீடொன்றை எண்ணிப் பாருங்கள். வாசற்கதவில் காவலாளி சில மாதங்களுக்கு விழிப்புடன் நிற்கின்றான். காலம் செல்லச் செல்ல அவனது விழிப்புக் குறைகின்றது. கள்வன் வாசலைத் தாண்டித் திண்ணைக்கு வந்துவிடுகின்றான். ஆனால் உள்ளறையில் ஆட்கள் விழித்திருக்கின்றனர். கள்வன் உள்ளே கால்வைத்ததும் அவர்கள் எழுந்து அவனைப் பிடித்துக்கொள்கின்றனர். திண்ணைக்குக் கள்வன் வந்தது உண்மை. வீட்டார் உறக்கம் கலைந்ததும் உண்மை. ஆனால் பெட்டகம் பறிபோகவில்லை.

இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளே வாசற் காவலாளி. சில மாதங்களில் அவற்றின் அளவு குறைவது இயற்கையே. உள்ளறையில் விழித்திருப்போர், கிருமியின் உருவத்தை நினைவில் வைத்திருக்கும் நினைவுக் கலங்களும் தொற்றுக்குள்ளான கலங்களை அழிக்கும் ரீ கலங்களுமாவர். அவை நெடுங்காலம் நிலைக்கின்றன. எனினும் அவை எழுந்து செயற்படச் சில நாட்கள் தேவைப்படுகின்றன. கொவிட் கிருமியோ இரண்டு மூன்று நாட்களிலேயே தொண்டையிற் பெருகிவிடக்கூடியது. இந்த இடைவெளியில்தான் காய்ச்சலும் தொண்டை நோவும் உடலுளைச்சலும் ஏற்படுகின்றன. நினைவுக் கலங்கள் எழுந்த பின்னர் நோய் மேற்செல்லாது தடுக்கப்படுகின்றது.

இதனாலேயே தொற்றைத் தடுக்கும் ஆற்றல் விரைவாகக் குறைந்தும், கடும் நோயையும் மரணத்தையும் தடுக்கும் ஆற்றல் நீண்ட காலம் நிலைத்தும் நின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் "ஊசி வேலை செய்ததா, இல்லையா?" என ஒரே சொல்லில் கேட்பதே குழப்பத்தின் ஊற்றாகும்.

இன்னுமொரு காரணமும் உண்டு. கிருமியும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் டெல்டா திரிபு உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி ஒமிக்ரோன் என்ற புதிய திரிபுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் பெயர் சூட்டியது. கிருமியின் மேற்பரப்பிலுள்ள முட்களின் வடிவம் அதில் பெரிதும் மாறியிருந்தது. பழைய முகத்தைப் பார்த்துப் பழகிய காவலாளி, வேடம் மாறி வந்தவனை வாசலில் அடையாளம் காணத் தடுமாறினான். ஆகவே இரண்டு ஊசிகள் ஏற்றியோருக்கும் ஒமிக்ரோன் எளிதாகத் தொற்றியது. மூன்றாவது ஊசி அப்பாதுகாப்பை மீண்டும் உயர்த்தியது. அதுவும் சில மாதங்களிற் குறைந்தது.

ஊசி ஏற்றிய அன்றோ மறுநாளோ பாதுகாப்புக் கிட்டிவிடுவதுமில்லை. உடல் தன் படையைத் திரட்ட ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுக்கின்றது. ஊசி ஏற்றும் நிலையத்தில் நெருக்கியடித்து நின்று, அங்கேயே கிருமியைப் பெற்றுக்கொண்டு, "ஊசியால்தான் நோய் வந்தது" எனக் கருதியவர்களும் இருந்தனர். நம் நாட்டில் பயன்படுத்தப்பட்ட எந்தக் கொவிட் தடுப்பூசியிலும் பெருகி நோயை உண்டாக்கக்கூடிய உயிருள்ள கொரோனா கிருமி இருக்கவில்லை.

விடுதியில் பாதிப் பேர் ஊசி ஏற்றியவர்கள்!

"வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களுள் பாதிப் பேர் ஊசி ஏற்றியவர்கள்" என்ற செய்தி அக்காலத்தில் கைத்தொலைபேசிகளில் வலம் வந்தது. கேட்போரை நடுங்கவைக்கும் செய்தி. ஆனால் சிறு பிள்ளையின் கணக்கே இதற்கு விடை பகர்ந்துவிடும். இளைஞர்கள் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஓர் ஊரில் 1,000 பெரியவர்கள் உள்ளனர் என வைத்துக்கொள்வோம். 900 பேர் ஊசி ஏற்றியவர்கள். 100 பேர் ஏற்றாதவர்கள். அனைவருக்கும் கிருமி தொற்றுகின்றது. ஊசி ஏற்றாதோரில் நூற்றுக்குப் பத்துப் பேரும், ஏற்றியோரில் நூற்றுக்கு ஒருவரும் கடுமையாக நோயுறுகின்றனர் எனக் கொள்வோம். இப்போது கணக்கிடுங்கள். ஏற்றாத 100 பேரில் 10 பேர் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். ஏற்றிய 900 பேரில் 9 பேர் செல்கின்றனர். விடுதியில் மொத்தம் 19 நோயாளிகள்; அவர்களுள் 9 பேர் ஊசி ஏற்றியவர்கள். ஏறக்குறைய பாதி!

விடுதியை மட்டும் எட்டிப் பார்ப்பவன், "ஊசி பயனற்றது" என்பான். ஊர் முழுவதையும் பார்ப்பவனோ, 100 பேரில் பத்தையும் 900 பேரில் ஒன்பதையும் ஒப்பிட்டு உண்மையை உணர்வான். அவ்வூரில் ஒருவருமே ஊசி ஏற்றாதிருந்தால் விடுதியில் 100 பேர் இருந்திருப்பர். அனைவரும் ஏற்றியிருந்தால் 10 பேர் இருந்திருப்பர். ஆனால் அப்பத்துப் பேரும் ஊசி ஏற்றியவர்களே! அதாவது ஊசி ஏற்றியோர் தொகை கூடக் கூட, நோயாளிகளுள் அவர்களது விகிதமும் கூடவே செய்யும். அது ஊசியின் தோல்விக்கு அடையாளமன்று.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2021 ஜூலை மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ப்ரொவின்ஸ்டவுண் என்னும் கடற்கரைச் சுற்றுலா நகரில் பெருந்திரளானோர் ஒன்றுகூடினர். அதனைத் தொடர்ந்து அம்மாநிலத்தவர் 469 பேருக்குக் கொவிட் உறுதியானது. அவர்களுள் 346 பேர், அதாவது 74 வீதத்தினர், முழுமையாக ஊசி ஏற்றியவர்கள். இச்செய்தி உலகெங்கும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆனால் அச்செய்தியின் மறுபாதி பரவவில்லை. அந்த 469 பேரில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் ஐவர் மட்டுமே. மரணித்தோர் எவருமிலர். ஊசி ஏற்றியோருக்கும் டெல்டா தொற்றக்கூடும், அவர்களிடமிருந்து பிறருக்குப் பரவவும் கூடும் என்பதை அமெரிக்க சுகாதாரத் துறை ஒப்புக்கொண்டு, பரவல் அதிகமுள்ள பகுதிகளில் ஊசி ஏற்றியோரும் முகக்கவசம் அணிய வேண்டுமென அறிவுரையை மாற்றியது. புதிய உண்மை தெரியவந்தபோது அறிவுரையும் மாறியது. அறிவியலின் வழமை அதுவே.

இலங்கையும் ஹொங்கொங்கும்

நம் நாட்டில் 2021 ஜனவரி 29ஆம் திகதி தடுப்பூசி ஏற்றும் பணி தொடங்கியது. அதற்கு முதல் நாள் இந்தியாவிலிருந்து அன்பளிப்பாக வந்த 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகளே முதலிற் பயன்படுத்தப்பட்டன. பின்னர் இந்தியாவில் நோய் உச்சமடைந்ததால் அவ்வூசியின் வருகை தடைப்பட்டது. முதலாவது ஊசியை ஏற்றிவிட்டு இரண்டாவதற்காக இலட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. சைனோபார்ம், ஸ்புட்னிக், பைசர், மொடர்னா ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஊசி ஏற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோதே டெல்டா அலை வந்து மோதியது. 2021 ஓகஸ்ட் மாத இறுதியில் நாளொன்றுக்கு 200இற்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகின. ஓகஸ்ட் 20ஆம் திகதி முதல் ஒக்டோபர் முதலாம் திகதி வரை நாடு முடக்கப்பட்டது. மரணித்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒமிக்ரோன் வந்தபோது நாட்டில் 1 கோடியே 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இரண்டு ஊசிகளையும் ஏற்றியிருந்தனர். தொற்று வீடு வீடாகப் பரவியது. ஆனால் மரணங்கள் டெல்டா காலத்தின் அளவை எட்டவில்லை.

"ஒமிக்ரோன் இயல்பாகவே வலிமை குன்றிய கிருமிதானே! அதற்கும் ஊசிக்கும் என்ன தொடர்பு?" எனச் சிலர் வினவலாம். நல்ல வினா. இதற்கு விடையை ஹொங்கொங் நகரில் காணலாம். அந்நகரம் இரண்டாண்டுகளாக நோயை வாசலிலேயே தடுத்து வைத்திருந்தது. அதனால் அங்குள்ள முதியோர் பலர், "நோயே இல்லாதபோது ஊசி எதற்கு?" என எண்ணினர். எண்பது வயதைக் கடந்தோரில் பெரும்பாலானோர் ஊசி ஏற்றாதிருந்த நிலையில் 2022 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அதே ஒமிக்ரோன் அங்கு வேகமாகப் பரவியது. சில மாதங்களுக்குள் 9,000இற்கும் அதிகமானோர் மடிந்தனர். பெரும்பாலானோர் முதியோர், அவர்களுட் பெரும்பகுதியினர் ஊசி ஏற்றாதோர். வலிமை குன்றியதாகக் கூறப்பட்ட அதே கிருமி, கவசமற்ற முதியோரிடையே அவ்வாறு நடந்துகொண்டது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட கணிப்பீட்டின்படி, தடுப்பூசி ஏற்றத் தொடங்கிய முதலாவது ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 44 இலட்சம் மரணங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. பதிவாகாத மரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 1 கோடியே 98 இலட்சமாகும். இது கணித மாதிரியினாற் பெறப்பட்ட மதிப்பீடேயன்றித் தலையெண்ணிக்கையன்று. எனினும் நன்மையின் பருமனை அது உணர்த்துகின்றது.

பக்கவிளைவுகளை மறைக்க வேண்டியதில்லை

ஊசியின் நன்மையைக் கூறுபவர், அதன் தீமையையும் மறைக்காமற் கூறக் கடமைப்பட்டவர். பெரும்பாலானோருக்கு ஓரிரு நாள் காய்ச்சலும் கைநோவும் ஏற்பட்டன. மிக அரிதாகக் கடுமையான விளைவுகளும் நேர்ந்தன. அஸ்ட்ராசெனகா ஊசிக்குப் பின் ஒரு சிலருக்கு இரத்தம் உறையும் ஆபத்தான நோய் ஏற்பட்டது, சிலர் உயிரிழந்தனர். இதனால் 2021 ஏப்ரலில் டென்மார்க் அவ்வூசியை நிறுத்தியது; பிரித்தானியா இளவயதினருக்கு வேறு ஊசியைப் பரிந்துரைத்தது. பைசர், மொடர்னா ஊசிகளுக்குப் பின்னர் இளம் ஆண்கள் சிலருக்கு இதயத்தசை அழற்சி ஏற்பட்டது. அவர்களுட் பெரும்பாலானோர் ஓய்வினாலும் சிகிச்சையினாலும் குணமடைந்தனர். கொவிட் நோயினாலேயே இதே இதய அழற்சியும் இரத்த உறைவும் ஏற்படுவதுண்டு என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே.

ஆகவே "ஊசியால் எவருக்கும் எத்தீங்கும் இல்லை" என்பதும் பொய். "ஊசி ஏற்றியோர் சில ஆண்டுகளில் மடிவர்" எனப் பரப்பப்பட்டதும் பொய். அவ்வாறு நாள் குறிக்கப்பட்ட ஆண்டுகள் கடந்து சென்றுவிட்டன. பல கோடி மக்கள் நலமாக வாழ்கின்றனர்.

நம் உள்ளத்திலுள்ள காயம்

நம் சமூகத்தில் இந்த ஊசி மீதான ஐயத்திற்குத் தனியான வரலாறொன்றும் உண்டு. அதனைப் பேசாமல் இவ்விடயம் முழுமை பெறாது.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட்டால் மரணித்த அனைவரது உடல்களையும் எரிக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியது. நல்லடக்கமும் பாதுகாப்பானதே என உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும் அது செவிமடுக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பர் மாதம், பிறந்து இருபது நாட்களேயான பச்சிளங் குழந்தையின் ஜனாஸாவும் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயான வேலியில் இன, மத பேதமின்றி மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். 2021 பெப்ரவரி 25ஆம் திகதியே அவ்வாணை நீக்கப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலை மாதம் அமைச்சரவை பகிரங்க மன்னிப்புக் கோரியது.

திகதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் தடுப்பூசி நம் நாட்டிற்கு வந்திறங்கிய நாளில் எரிப்பு ஆணை இன்னும் நடைமுறையில் இருந்தது. நம் ஜனாஸாக்களை எரித்த அதே கரம் நீட்டிய ஊசியை நம்மவர் சிலர் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. அந்த ஐயம் அறியாமையினால் பிறந்ததன்று, காயத்தினால் பிறந்தது. ஆனால் இங்கு நாம் ஒரு வேறுபாட்டைக் கண்டுகொள்ள வேண்டும். எரிப்பு ஆணை அறிவியலுக்கு முரணாக எடுக்கப்பட்ட தீர்மானம். தடுப்பூசியோ உலகின் பல நாடுகளில் பல கோடிப் பேரிடம் சோதித்தறியப்பட்ட மருந்து. அறிவியலைப் புறக்கணித்தவர்கள் மீதுள்ள கோபத்தை அறிவியலின் மீதே காட்டுவோமாயின், இழப்பு நமக்கே.

ஹலால் பற்றிய வினாவும் எழுந்தது. அதனை உலகெங்குமுள்ள மார்க்க அறிஞர்கள் புறக்கணிக்காமல் ஆராய்ந்தனர். இந்தோனேசிய உலமா சபை 2021 ஜனவரியில் சைனோவாக் ஊசியை ஹலால் என அறிவித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம், அஸ்ட்ராசெனகா ஊசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டதாக அச்சபை கருதியபோதும், நிர்ப்பந்த நிலையில் அதனை ஏற்றிக்கொள்ள அனுமதித்தது. அந்நிறுவனம் அவ்வாறான பொருள் பயன்படுத்தப்படவில்லையென மறுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பத்வா சபையும் உயிரைக் காக்கும் தேவை கருதி 2020 டிசம்பரிலேயே அனுமதி வழங்கியிருந்தது.

தொட்டிலிலுள்ள பிள்ளைக்கு

இனி நாம் தொடக்கத்திற் கூறிய ஆபத்திற்கு வருவோம். ஒவ்வொரு தடுப்பூசியும் ஒவ்வொரு தன்மையுடையது. கொவிட் கிருமி விரைவாக உருமாறுவது. அதற்கெதிரான பாதுகாப்பு மங்கக்கூடியது. சின்னமுத்துக் கிருமியோ பல்லாண்டுகளாகத் தன் முகத்தை மாற்றிக்கொள்ளாதது. அது உடலெங்கும் பரவி நோயை வெளிப்படுத்தப் பத்து நாட்களுக்கு மேல் எடுக்கின்றது. அதற்குள் நினைவுக் கலங்கள் விழித்துக்கொள்கின்றன. இதனாலேயே இரண்டு முறை ஏற்றப்படும் சின்னமுத்து ஊசி ஏறத்தாழ 97 வீதப் பாதுகாப்பை, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதற்கும், வழங்குகின்றது. கொவிட் ஊசியை அளந்த கோலால் இதனை அளப்பது முறையாகாது.

இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என 2019ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தால் பிரகடனப்படுத்தப்பட்டது. பெருமைக்குரிய சாதனை. ஆனால் 2023ஆம் ஆண்டு அந்நோய் மீண்டும் நம் நாட்டில் தலைதூக்கியது. நோயுற்றோரில் ஊசி ஏற்றுவதற்குரிய வயதை எட்டாத பச்சிளங் குழந்தைகளும் இருந்தனர். 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் விசேட தடுப்பூசித் திட்டமொன்றை நடத்த நேர்ந்தது.

இங்கு பெற்றோர்கள் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்றுள்ளது. நம் நாட்டில் இவ்வூசியின் முதலாவது வேளை ஒன்பதாவது மாதம் நிறைவடைந்த பின்னரே ஏற்றப்படுகின்றது. இரண்டாவது மூன்று வயதில் ஏற்றப்படுகின்றது. ஆறு மாதக் குழந்தைக்குத் தன்னைக் காத்துக்கொள்ள ஊசி இல்லை. அதனைச் சூழவுள்ள பிள்ளைகளும் பெரியவர்களும் ஏற்றியிருக்கும் ஊசியே அதற்கு அரண். நம் பிள்ளைக்கு ஊசி வேண்டாமென நாம் மறுக்கும்போது, அயல் வீட்டுத் தொட்டிலைச் சூழ்ந்த அரணிலிருந்தும் ஒரு கல்லைப் பெயர்த்து விடுகின்றோம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உங்கள் பிள்ளைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். தவறிய ஊசி ஏதுமிருப்பின் உங்கள் பகுதியின் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கூறுங்கள். காலம் பிந்தினாலும் பெரும்பாலான ஊசிகளைப் பின்னர் ஏற்றிக்கொள்ள வழியுண்டு.

இரண்டாவதாக, கொவிட் முற்றாக மறைந்துவிடவில்லை. அது அவ்வப்போது வந்து போகும் நோயாக நம்மிடையே தங்கிவிட்டது. ஆரோக்கியமான இளைஞனுக்கு அது சில நாள் தடிமனாகக் கடந்து போகலாம். வீட்டிலுள்ள மூத்தம்மாவுக்கும் நீரிழிவோ இதயநோயோ சிறுநீரக நோயோ உள்ள வாப்பாவுக்கும் அது அவ்வாறன்று. முதியோர், நாட்பட்ட நோயாளர், கர்ப்பிணித் தாய்மார் ஆகியோரையே உலக சுகாதார ஸ்தாபனம் இன்றும் முன்னுரிமைக்குரியவர்களாகக் குறிப்பிடுகின்றது. அவர்களுக்கு மேலதிக ஊசி தேவையா என்பதை அவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

மூன்றாவதாக, ஊசி ஏற்றியிருப்பது அலட்சியத்திற்கு அனுமதிப்பத்திரமாகாது. காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது வீட்டிலேயே தங்குங்கள். முதியோரைப் பார்க்கச் செல்வதைத் தள்ளிப்போடுங்கள். தவிர்க்க முடியாவிடில் முகக்கவசம் அணியுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ மயக்கமோ ஏற்பட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தலைக்கவசம் அணிந்தவர் விபத்துக்குள்ளாகவே மாட்டார் என எவரும் கூறுவதில்லை. தலைக்கவசம் அணிந்திருந்தும் கை முறிந்தது என்பதற்காக அதனை வீசியெறிபவரும் இல்லை. தலை தப்பியதல்லவா!

நான்காவதாக, இளைஞர்களே! இப்பொறுப்பு உங்களுக்கே உரியது. உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் குரற்பதிவுகளைப் பிறருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனைக் கூறுபவர் யார்? அவர் கூறும் எண் எத்தனை பேரில் எத்தனை? அவர் மறைத்த மறுபாதி எது? ஒன்பது பேர் என்று கேட்டவுடன், "தொண்ணூறு பேரிலா, தொள்ளாயிரம் பேரிலா?" எனத் திருப்பிக் கேட்கும் பழக்கம் உங்களிடம் வேரூன்றட்டும். உங்கள் பெற்றோருக்கும் அதனை மரியாதையுடன் எடுத்துக் கூறுங்கள்.

தடுப்பூசி ஏற்றிய பின்னரும் கொவிட் தொற்றியது உண்மை. தொற்றிய பின்னரும் நம் வீட்டு மூத்தவர்களுட் பெரும்பாலானோர் எழுந்து நடமாடியதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், நாளை தம் பிள்ளையின் ஊசித் திகதி வரும்போது தயக்கமின்றிச் சிகிச்சை நிலையத்திற்குச் செல்வார்கள்.